தோற்ற பிள்ளைக்கும் ஒரு படம்

எண்பதுகளில் கடலூர்ப் பக்கம் எடுத்த பள்ளி விளையாட்டுப் படங்களைப் புரட்டிப் பாருங்கள், அவற்றில் விளையாட்டே இருக்காது. கடலூர், தென்னாற்காடு மாவட்டத்துக்குத் தலைநகராக இருந்த காலம் அது. டேபிள் டென்னிஸ், இறகுப்பந்து, கேரம் என எதில் ஜெயித்திருந்தாலும் படம் ஒரே மாதிரிதான். நடுவில் கோப்பை, பக்கத்தில் பி.டி. மாஸ்டர், சுற்றிலும் கையைக் கட்டி விறைத்து நிற்கும் பிள்ளைகள். காலையில் பள்ளி வாசலில், நல்ல வெயிலில் நிறுத்தி எடுத்தது. முதல் நாள் சாயங்காலம் நடந்த ஆட்டத்துக்குச் சாட்சியே கிடையாது.

காரணம் வெளிச்சம். டியூப் லைட் போட்ட ஒரு சுமாரான கூடத்தில் 300 லக்ஸ் ஒளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்று எல்லாக் கடையிலும் கிடைத்த 100 ஏஎஸ்ஏ பிலிமைப் போட்டு, லென்ஸை 2.8க்குத் திறந்தால் ஷட்டர் வேகம் 1/15 நொடிக்கு மேல் போகாது. ஸ்மாஷ் அடிக்கும் பையனை அசையாமல் பிடிக்க 1/500 ஆவது வேண்டும். அதாவது தேவையானதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் கையில் இருந்தது. அடிக்கடி கரன்ட் இறங்கும் ஊர்களில் அதுவும் நிச்சயமில்லை. பிலிமைக் கழுவினால் பையன் புகையாகவும் அவன் மட்டை கோடாகவும் வரும்.

பிளாஷ் போடலாமே என்பார்கள். பிளாஷின் வெளிச்சம் தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். முன்னால் நிற்கும் பிள்ளையின் முகம் வெளுத்துப்போகும், எதிர்ப்பக்கத்துப் பிள்ளை இருட்டில் மறைந்துவிடும். ஒருதரம் அடித்தால் பென்டார்ச் செல் போட்ட பிளாஷ் மறுபடி ஏற்றிக்கொள்ளச் சில நொடிகள் பிடிக்கும். அதற்குள் பாயின்ட் முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வீஸ் வாங்கக் காத்திருக்கும் குழந்தையின் கண்ணில் அடித்தால் நடுவர் சும்மா விடமாட்டார்.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு, சிதம்பரத்தின் தேரோடும் வீதிகள் போன்ற இடங்களில் கடை போட்டிருந்த ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாணம்தான் சோறு போட்டது. இருந்தாலும் சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 1981இல் அங்கே தொடங்கிய நாட்டியாஞ்சலி நடன விழாவில் இரவு மேடையைப் படமெடுக்கிறவர், ஜதி முடிந்து ஆடுபவர் சிலையாக நிற்கும் நொடிக்குக் காத்திருக்கப் பழகியிருப்பார். அதே பொறுமை விளையாட்டுக்கும் உதவும். துள்ளி எழும்பும் பிள்ளை, மேலே போய்க் கீழே இறங்கத் தொடங்குமுன் ஒரு கணம் அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும். சர்வீஸுக்குத் தூக்கிப் போட்ட பந்தும் உச்சியில் அப்படித்தான். அந்தக் கணத்தில் 1/125 கூடப் போதும். வசதி உள்ளவர்கள் 400 ஏஎஸ்ஏ கறுப்பு வெள்ளை பிலிமை 1600 என்று கணக்கு வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவுவார்கள். படத்தில் மணல் தூவியதுபோல் கிரெய்ன்ஸ் இருக்கும், ஆனால் ஆட்டம் இருக்கும். ரோலுக்கு 36 படம். அதில் யாரை எடுப்பது? ஜெயிக்கப்போகிற பிள்ளையைத்தான்.

இன்று கணக்கு தலைகீழ். 2007இல் வந்த நிக்கான் டி3 கேமரா 6400 ஐஎஸ்ஓவிலும் அச்சில் போடத்தக்க படம் தந்தது. அன்று பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் கட்டுப்படியான அந்தத் திறமை, சில ஆண்டுகளில் சாதாரண கேமராக்களுக்கும் இறங்கி வந்தது. மேலே சொன்ன அதே 300 லக்ஸ் கூடத்தில் 3200 ஐஎஸ்ஓ வைத்தால் 1/500 கிடைத்துவிடும். விலை குறைந்த 50 எம்எம் 1.8 லென்ஸ் இருந்தால் அதற்கு மேலும் போகலாம். முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டி நடக்கும் இடங்களில் கோர்ட்டைச் சுற்றி அப்பா, அம்மா, சித்தப்பா என்று எல்லார் கையிலும் போன்.

ஆனாலும் வெளிச்சம் முழுக்க வசப்பட்டுவிடவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப் லைட்டும், பல மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு தடவை மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, 1/1000இல் அடுத்தடுத்து எடுத்த படங்களில் தெரியும். ஒன்றில் பையனின் சட்டை வெள்ளை, அடுத்ததில் பழுப்பு, மூன்றாவதில் பாதி இருட்டு. 2014இல் வந்த கேனான் 7டி மார்க் 2 முதல், விளக்கு உச்சத்தில் ஒளிரும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கும் ஏற்பாடு கேமராவுக்குள்ளேயே வந்துவிட்டது. போனின் இரவு மோடு வேறு ரகம். பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கும். நிற்கும் பிள்ளைக்கு அழகு, ஓடும் பிள்ளைக்கு மூன்று கை.

இந்த மாற்றத்தின் பெரிய லாபம் கருவிகளில் இல்லை. முன்பு யாருக்குப் படம் என்பதை இருட்டு தீர்மானித்தது. அசையாமல் நின்றவர்களுக்கு, அதாவது பரிசு வாங்கியவர்களுக்கு மட்டும் படம். முதல் சுற்றிலேயே 21-5 என்று தோற்று, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பும் பத்து வயதுப் பெண்ணுக்கும் இன்று அந்தரத்தில் பாயும் ஒரு படம் இருக்கிறது. அவள் ஆடினாள் என்பதற்கு அதுவே சாட்சி.

நஷ்டமும் உண்டு. ஸ்டுடியோ படத்தின் அட்டையில் ஆண்டு, போட்டி, பிள்ளைகளின் பெயர் எல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கும். இன்றைய போனில் இருப்பது பெயரில்லாத எண்ணூறு படங்கள், அவற்றிலும் தன் பிள்ளை மட்டும். எதிரே ஆடியது யார் என்று பத்து வருஷம் கழித்து யாருக்கும் தெரியாது. இன்னொரு பக்கம், தெரிய வேண்டாத இடத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. பள்ளிச் சீருடையும் முகமும் பெயருமாகக் குழந்தையின் படத்தை ஊருக்கே அனுப்புகிறவர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையின் அம்மாவைக் கேட்பதே இல்லை.

விளையாட்டு ஆசிரியர்களால் இதைச் சரிசெய்ய முடியும். பெற்றோரிடம் சம்மதம் வாங்கி, போட்டிக்கு இருபது படம் பொறுக்கி, பெயரும் தேதியும் எழுதிப் பள்ளியிலேயே வைத்தால் போதும். அந்த இருபதில் பாதி தோற்ற பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.