உங்களுக்குத் தெரியுமா? கொடைக்கானலுக்காக ஒரு ராப்

சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப், முக்காடு அணிந்து மேடையேறி ராப் பாடியவர். ‘புர்கா ராப்பர்’ என்றே பத்திரிகைகள் எழுதின. 2015 ஜூலையில் அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டில் அவர் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ உலகெங்கும் பரவியது, மினாஜே பகிர்ந்தார்!

கொடைக்கானலில் பாம்பார் சோலைக்கு மேலே இருந்த யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசத்தோடு உழன்றவர்களின் ஆற்றாமைதான் அந்தப் பாட்டு. 2001-ல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது அம்பலமாகி, ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் விடாமல் பதினைந்து ஆண்டு போராடினார்கள். பாட்டு வந்த எட்டே மாதத்தில், 2016 மார்ச்சில், 591 பேருடன் யூனிலீவர் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

ஆனால் ஆலை மண்ணில் பாதரசம் இன்னும் இருந்தது. 2018-ல் சோஃபியா மறுபடி பாடினார், இம்முறை கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவோடு.