வாரம் ஒரு கச்சேரி

கச்சேரியின் சிறப்பு அதன் முழுமையில் உள்ளது. வர்ணத்தில் தொடங்கி, ஆலாபனையில் விரிந்து, தனி ஆவர்த்தனத்தில் உச்சம் பெற்று, மங்களத்தில் நிறைவது அதன் மரபு. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே அடங்கிற்று. இராகத்தின் சாயலை அதில் கேட்கலாமேயன்றி, வளர்ச்சியைக் கேட்டல் அரிது.

இக்குறையை நீக்க முனைந்தது அகில இந்திய வானொலி. அது 1952-இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, சனிக்கிழமை இரவுகளில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஒலித்தது. கருநாடக இசையும் இந்துஸ்தானி இசையும் அதில் இடம்பெற்றன. சபாவில் சீட்டு வாங்க இயலாதவரும் பெரும் வித்துவான்களை வீட்டிலிருந்தே கேட்டனர். அமெரிக்காவில் நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழு 1930 முதல் ஞாயிறுதோறும் இவ்வகைப் பணி புரிந்தது.

ஆயினும், அமைச்சர் கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் குறைக்கப்பட்டபோது, நேயர் பலர் இலங்கை வானொலியை நாடினர். 1957-இல் விவித பாரதி தோன்றியபின் திரைப்பாடல் மீண்டும் இடம்பெற்றது. கட்டளையால் சுவை பிறவாது. பயிற்சியால் பிறக்கும் என்பதே இதனால் அறியத்தக்கது.

இன்று முழுக் கச்சேரியும் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. மலாக்காத் தோட்டப் பள்ளியாயினும் நகரப் பள்ளியாயினும், ஆசிரியர் முதலில் ஓர் இராகத்தை இனங்காணப் பழக்குவாராயின், மாணவர் முழுவதையும் பொறுமையுடன் கேட்பர்.