வேலையில்லாமல் இருந்த இரண்டு மூத்த வீரர்களை மூன்றே நாளில் ஓர் அணி வளைத்துப்போட்டது ஏன் தெரியுமா?

2022 நவம்பர் 14. அமெரிக்கக் கால்பந்தில் அந்த ஆண்டு எட்டு ஆட்டம் ஆடி எட்டிலும் வென்றிருந்த பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியை வாஷிங்டன் 32–21 என்று சாய்த்தது. எப்படித் தெரியுமா? முரட்டுத்தனமாக ஓடி ஓடியே! மொத்தம் 49 ஓட்டம். 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கும் மேல் பந்து வாஷிங்டன் வசமே இருந்தது. ஈகிள்ஸின் தற்காப்பு வரிசைக்கு நடுவே சுவராக நிற்க வேண்டிய 150 கிலோ ஜோர்டன் டேவிஸ் கணுக்கால் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார்!

அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். 16ஆம் தேதி ஈகிள்ஸ் 34 வயது லின்வல் ஜோசப்பை ஒப்பந்தம் செய்தது. 17ஆம் தேதி 35 வயது என்டாமுக்கன் சூ! சீசன் பாதி முடிந்தும் இருவருக்கும் அணி கிடைத்திருக்கவில்லை. ஆனால் 20ஆம் தேதியே இருவரும் களத்தில்! இண்டியானாபொலிஸை 17–16 என்று ஒரே ஒரு புள்ளியில் தாண்டியது ஈகிள்ஸ்.

இப்படிப்பட்ட மூத்தவர்களை எடுக்க, அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் விதியே கைகொடுக்கிறது, தெரியுமா? 2025இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 27 கோடியே 92 லட்சம் டாலர். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ ஆடியவருக்கு அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 12.55 லட்சம் டாலர். அவரை அந்தக் குறைந்தபட்சத்துக்கே ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தால், விதிப்படி உச்சவரம்புக் கணக்கில் ஏறியது 10.3 லட்சம் மட்டும்! அனுபவசாலி விலை கூடினவர் என்று அணிகள் அவரை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. எவ்வளவு அழகான விதி!

சரி, அப்படி ஒரு மூத்தவர் தேறுவாரா என்று எப்படி எடைபோடுவது? ரசிகர்கள் முதலில் ஸாக் கணக்கைத்தான் பார்ப்பார்கள், அதாவது பந்தை எறியுமுன் குவார்ட்டர்பேக்கை எத்தனை முறை மடக்கினார் என்று. என்னைக் கேட்டால் கடைசியில் பார்க்க வேண்டியதே அதுதான்! தற்காப்பு வரிசையின் நடுவே நிற்கும் ஜோசப் போன்ற நோஸ் டேக்கிளின் வேலையே வேறு. கை புல்லில் ஊன்றியிருக்கும். பந்து அசைந்த நொடியில் எதிரணியின் சென்டரும் கார்டும் சேர்ந்து அவர் மேல் மோதுவார்கள். ஆளுக்கு 130, 140 கிலோ! அவர் தோளைத் தாழ்த்தி, தேவைப்பட்டால் ஒரு முழங்காலையே தரையில் இறக்கி, நின்ற இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் இவரிடம் சிக்கியிருக்கும்போது பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஓடிவந்து பந்துக்காரரைப் பிடிப்பார். புள்ளிவிவரத்தில் ஏறுவது லைன்பேக்கரின் பெயர்!

அதனால் பழைய ஆட்ட வீடியோவில் இருவர் தள்ளும்போது அவர் எத்தனை அடி பின்னால் போகிறார் என்று பாருங்கள். ஓர் ஆட்டத்தில் 20, 25 முறை களமிறங்கினாலே போதும். அந்த நேரத்தில் நட்சத்திர வீரர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள்.

பலன் கேளுங்கள்! அந்த 2022 சீசனில் ஈகிள்ஸ் எடுத்த ஸாக் 70. ரெடிக், ஸ்வெட், கிரஹாம், ஹார்கிரேவ் என நான்கு பேர் ஆளுக்குப் பத்துக்கு மேல்! என்எஃப்எல் வரலாற்றில் ஒரே அணியில் நால்வர் இரட்டை இலக்கம் தொட்டது அதுவே முதல் முறை. ஜோசப்பும் சூவும் அந்த நால்வரில் இல்லை. ஆனால் அணி இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வரை போனது. அங்கே ஒரு ஸாக் கூட எடுக்க முடியாமல் கன்சாஸ் சிட்டியிடம் 38–35 என்று தோற்றது மனசு வலிக்கிற விஷயம்தான்.

இப்படி அணியில்லாமல் இருந்து வாய்ப்புப் பெற்ற இன்னொருவர் ஷெல்பி ஹாரிஸ். 2014 புதுமுக வீரர் தேர்வில் கடைசிச் சுற்றான ஏழாவது சுற்றில் தேர்வாகி, பிறகு கழற்றிவிடப்பட்டவர். 2017 தொடக்கத்தில் டென்வர் மலிவாக எடுத்தது. அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே, கடைசி வினாடிகளில் எதிரணியான சார்ஜர்ஸ் சமன் செய்ய உதைத்த பந்தைக் கையை நீட்டித் தட்டிவிட்டார்! டென்வருக்கு 24–21 வெற்றி. உதையைத் தடுக்கும் அணியில் நிற்பதும் இத்தகைய மாற்று வீரர்களின் வேலைதான்.

அடுத்த முறை என்எஃப்எல் ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, வரிசையின் நடுவே மாற்றாக வந்து நிற்கும் பெயர் தெரியாத ஆளைக் கவனியுங்கள். இரண்டு பேர் தள்ளியும் அவர் நகரவில்லை என்றால், அந்த ஒப்பந்தத்துக்குக் கொடுத்த காசு வசூலாகிவிட்டது!