அறைக்கு வந்த மூன்றாமவர்

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், மாலைத் திருப்பலி முடிந்தபின், பங்கைச் சேர்ந்த ஒரு தந்தை என்னைக் காண வந்தார். கல்லூரியில் பயிலும் தம் மகன் தீய நண்பர்களின் வலையில் வீழ்ந்துவிட்டான் என்று கண்கலங்கினார். "அவர்கள் யார்?" என்று வினவினேன். "வீட்டுக்கு வந்து போகிறவர்கள்தாம், சுவாமி. மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். பெயர் தெரியாது" என்றார்.

அன்பார்ந்த பெற்றோரே, தீய நட்பு தீய முகத்தோடு வருவதில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து மறைபோதித்த புனித பிரான்சிஸ் சவேரியாரே இதற்குச் சான்று.

1525-இல் பாரீசுக்குப் படிக்கச் சென்றபோது அவருக்கு வயது பத்தொன்பது. நவார் நாட்டு உயர்குடிப் பிள்ளை. பட்டமும் பதவியும் அவரது கனவு. புனித பார்பரா கல்லூரியில் அவருடன் ஒரே அறையில் தங்கியவர் பீட்டர் ஃபேபர் என்னும் எளிய, பக்தியுள்ள இளைஞர். ஆனால் அறைக்கு வெளியே வேறு தோழர்களும் இருந்தனர். ஆசிரியர் ஒருவரே மாணவரை இரவில் தகாத இடங்களுக்கு அழைத்துச் சென்றாராம். அவரது உடலில் தோன்றிய நோயைக் கண்ட அச்சமே சவேரியாரைத் தடுத்தது என்று அறிகிறோம். புண்ணியம் அன்று, அச்சம்! அதையும் இறைவன் பயன்படுத்தினார்.

1529-இல் அவ்வறைக்கு மூன்றாமவர் ஒருவர் வந்தார். முப்பது வயதைக் கடந்தவர், போரில் காயமுற்றுக் கால் ஊனமானவர், பிச்சையேற்றுப் படித்தவர். அவரே லொயோலா இஞ்ஞாசியார். ஃபேபர் விரைவில் அவரது நண்பரானார். சவேரியாரோ அவரை எள்ளி நகையாடினார். இஞ்ஞாசியார் சினங்கொள்ளவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. சவேரியார் ஆசிரியரானபோது அவரது வகுப்பிற்கு மாணவரைத் தேடித் தந்தார். பணமில்லாதபோது பணம் கொடுத்து உதவினார். சவேரியாரின் உள்ளம் கனியச் சில ஆண்டுகள் பிடித்தன. 1534, ஆகஸ்டு 15 அன்று மோன்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்த எழுவரில் அம்மூவரும் இருந்தனர்.

மறு ஆண்டு சவேரியார் தம் அண்ணனுக்கு ஒரு மடல் எழுதினார். அனுபவமின்மையால் தாம் இனங்காணாதிருந்த தீய தோழமையினின்று தம்மை விலக்கிக் காத்தவர் இஞ்ஞாசியார் என்று அதில் நன்றியோடு குறிப்பிடுகிறார். கூரிய அறிவு படைத்த அவருக்கே அது தெரியவில்லை என்றால், நம் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? "அவர்களோடு சேராதே" என்று நாம் கதவருகே நின்று அதட்டுகிறோம். கூடவே தங்கியிருப்பவர் யார்?

அந்தத் தோழமை கடல்களைக் கடந்தும் அறுந்து போகவில்லை. 1546-இல், கீழைத் தீவுகளில் தனித்து உழைத்த சவேரியார், தோழர் எழுதிய மடல்களிலிருந்து அவர்தம் கையொப்பங்களை வெட்டியெடுத்து, தம் வார்த்தைப்பாட்டோடு சேர்த்து எப்போதும் தம்மிடம் வைத்திருந்தார்.

இதையெல்லாம் அந்தத் தந்தையிடம் கூறினேன். "என் மகனுக்கு ஓர் இஞ்ஞாசியாரை எங்கே தேடுவேன், சுவாமி?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. முதலில் மகனோடு அமர்ந்து உண்டு, அந்த நண்பர்களின் பெயர்களையாவது அறிந்து வாருங்கள் என்று அனுப்பினேன்.

மறு வாரம் மூன்று பெயர்களோடு வந்தார். அவற்றுள் ஒன்று, நம் ஆலயப் பாடகர் குழுவில் ஞாயிறுதோறும் பாடும் பிள்ளையின் பெயர். அவனை நான் நன்கு அறிவேன் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்றேன்.