கொடுக்கு ஒன்று, குலம் பல

வயல் வரப்பிலும் வீட்டு வாசலிலும் மண்ணைக் கிளறிக் கூடு வைக்கும் நெருப்பெறும்பு கொட்டும். கறுத்த தலையும் சிவந்த மார்பும் கறுத்த வயிறுமாக மரத்தில் ஏறி ஓடும் டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா அதைவிடக் கடுமையாகக் கொட்டும். பெரிய கண்களும் கத்திரிபோல நீண்ட தாடைகளும் கொண்டு, தென்னிந்தியக் காட்டுத் தரையில் இரையின் மீது குதிக்கும் ஹார்பெக்னாத்தோஸ் சால்டேட்டரும் கொட்டும். மாமரத்து இலைகளை இணைத்துக் கூடு கட்டும் முசுறுக்கோ கொடுக்கே இல்லை. தாடையால் கடித்து, காயத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும்.

இந்த நான்கில் முதல் மூன்றும் ஒரு குலம், முசுறு மட்டும் வேறு குலம் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை வேறு. நெருப்பெறும்புக்கும் டெட்ராபொனேராவுக்கும் முசுறுதான் நெருங்கிய உறவு. குதிக்கும் எறும்பு அந்த மூன்றிடமிருந்தும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்ட கிளையைச் சேர்ந்தது.

இது எப்படி என்று புரிய, கொடுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். எறும்புகள் கிரெட்டேசியஸ் காலத்தில், டைனோசர்கள் உலவிய பூமியில், கொட்டும் குளவிகளிலிருந்து தோன்றியவை. குளவியின் கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு உருமாறியதுதான். அதனால்தான் ஆண் எறும்பு எதற்கும் கொடுக்கு கிடையாது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் கிடைத்த, சுமார் 9 கோடி ஆண்டுப் பழைய அம்பரில் உறைந்திருந்த ஸ்பெகோமிர்மா என்ற எறும்பை எட்வர்ட் வில்சனும் சக ஆய்வாளர்களும் 1967இல் விவரித்தார்கள். அதற்கும் கொடுக்கு இருந்தது. ஆக, கொடுக்கு எறும்புக் குலம் முழுமைக்கும் பொதுவான பழஞ்சொத்து. அதைத் துறந்ததுதான் பின்னால் வந்த புதுமை.

ஒரே பூட்டனின் வழிவந்த நான்கு வீடுகளில் மூன்று வீட்டார் பழைய அம்மியை வைத்திருக்கிறார்கள், ஒரு வீட்டார் மிக்ஸிக்கு மாறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மி இருப்பதால் அந்த மூன்று வீட்டாரும் உடன்பிறந்தவர்கள் என்று சொல்ல முடியாது. மிக்ஸி வாங்கியவர் அவர்களில் ஒருவருக்குச் சொந்தத் தம்பியாக இருக்கலாம். பழையதைக் கைவிடாமல் வைத்திருப்பது நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. வகைப்பாட்டியலாளர்கள் இதைத் தெளிவாகக் காண நெடுங்காலம் ஆயிற்று.

நம் எறும்புகளுக்கு அறிவியல் பெயர் சூட்டியதில் தாமஸ் ஜெர்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த இவர், இந்தியப் பறவைகள் பற்றிய நூலால் புகழ்பெற்றவர். தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை 1851இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். குதிக்கும் எறும்புக்கு ஹார்பெக்னாத்தோஸ் என்ற புதிய பேரினத்தையே அதில் உருவாக்கினார். அது இன்றும் அப்படியே நிற்கிறது. செம்மார்பு எறும்பான டெட்ராபொனேராவை அவர் எசிட்டான் என்ற பேரினத்தில் வைத்தார். எசிட்டான் என்பது அமெரிக்க வெப்பமண்டலத்தின் படையெறும்பு. எனவே பின்னால் வந்தவர்கள் இதை வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள்.

இந்த வரலாறு பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. விலங்குகளின் அறிவியல் பெயரை முழுமையாக எழுதும்போது, முதலில் விவரித்தவர் பெயரும் ஆண்டும் பின்னால் வரும். ஹார்பெக்னாத்தோஸ் சால்டேட்டர் ஜெர்டன், 1851 என்று அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால், அவர் வைத்த பேரினத்திலேயே அது இருக்கிறது என்று பொருள். டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா (ஜெர்டன், 1851) என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்த இனம் பேரினம் மாறியிருக்கிறது. அடுத்த முறை ஒரு பூச்சியின் பெயரைப் படிக்கும்போது இதைக் கவனியுங்கள்.

பேரினத்துக்கு மேலே, துணைக்குடும்ப அளவில்தான் குழப்பம் பெரிதாக இருந்தது. வலுவான கொடுக்கு, வேட்டை வாழ்க்கை, சிறிய குடியிருப்பு ஆகிய பழைய இயல்புகளோடு இருந்த எறும்புகள் பலவற்றைப் பொனேரினே என்ற ஒரே துணைக்குடும்பத்தில் திரட்டி வைத்திருந்தார்கள். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் 'தோட்டா எறும்பு' பாராபொனேரா கிளவேட்டாவும் அதில் ஒன்று. ஜஸ்டின் ஷ்மிட் வகுத்த கொடுக்கு வலி அளவுகோலில் உச்சத்தில் நிற்பது இதுதான். இதன் நஞ்சிலுள்ள பொனெராடாக்சின் என்ற சிறு புரதக்கூறு நரம்புகளின் சோடியம் வாயில்களைத் தாக்குகிறது. வலி ஒரு நாள் முழுக்க நீடிக்கலாம். அமெரிக்க எறும்பியலாளர் வில்லியம் பிரவுன் 1958இல் இந்த எறும்பையும், அதே கண்டத்தின் எக்டடோமா எறும்பையும் ஒரே பிரிவுக்குள் வைத்தார். உடலமைப்பை நுணுகிப் பார்த்து எடுத்த முடிவு அது.

2003இல் பேரி போல்டன் அந்தப் பெரிய தொகுப்பை ஆறு துணைக்குடும்பங்களாகப் பிரித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2006இல், மரபணு வரிசைகளை ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. பிரிக்கப்பட்டவற்றில் சில அண்டை வீட்டாரே அல்ல என்பதை அவை காட்டின. இன்று எறும்புக் குலத்தின் பெரும்பகுதி இரண்டு பெருங்கிளைகளாகப் பார்க்கப்படுகிறது. ஒன்று பொனேராய்டு: தோட்டா எறும்பும் நம் குதிக்கும் எறும்பும் இதில் இருக்கின்றன. மற்றது ஃபார்மிகாய்டு: நெருப்பெறும்பு, செம்மார்பு எறும்பு, முசுறு, கட்டெறும்பு எல்லாம் இதில் அடங்கும். பாராபொனேராவோடு ஒரே பிரிவில் இருந்த எக்டடோமா, நெருப்பெறும்பின் கிளைக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒன்றாக வைக்கப்பட்ட இரண்டும் இந்தப் பெரும்பிளவின் இரு கரைகளில் இருந்தன.

ஒரே தொழில் பார்க்கும் உடல்கள் ஒன்றுபோல ஆகிவிடுவதும் கண்ணை ஏமாற்றும். அமேசான் காட்டில் தோட்டா எறும்பையும் டைனோபொனேராவையும் பார்ப்பவர்கள், இரண்டும் மிகப் பெரிய கரிய வேட்டை எறும்புகள் என்பதால் ஒன்றென்றே நினைப்பதுண்டு. ஆனால் டைனோபொனேரா உண்மையான பொனேரினே. அதில் இறக்கை கொண்ட ராணி இல்லை, இனச்சேர்க்கை செய்த வேலைக்கார எறும்பே முட்டையிடும்.

பொனேரினேவுக்கு உள்ளேயும் ஒரு பெரிய ஒழுங்கு தேவைப்பட்டது. பாக்கிகாண்டைலா என்ற பேரினத்தில் எங்கும் பொருந்தாத இனங்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார்கள். 2014இல் கிறிஸ் ஷ்மிட்டும் ஸ்டீவ் ஷாட்டக்கும் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து, அதை ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பிரித்தார்கள். துணைக்குடும்பம் முழுவதிலும் 47 பேரினங்களை ஏற்றார்கள். பழைய பெயர்கள் பல மீண்டும் உயிர்பெற்றன.

இது அருங்காட்சியக அலமாரிக்குள் முடிகிற வேலை அல்ல. சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஓர் எறும்பு கொட்டி, கடும் ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. அதே விதமான ஒவ்வாமையை, கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பரவிய வேறோர் எறும்பும் ஏற்படுத்துகிறது. இரண்டும் முன்பு பாக்கிகாண்டைலா என்ற பெருங்கூட்டத்தில் இருந்தன. இப்போது பிராக்கிபொனேரா சென்னாரென்சிஸ், பிராக்கிபொனேரா சைனென்சிஸ் என ஒரே சிறிய பேரினத்தில் இருக்கின்றன. ஒன்றின் நஞ்சைப் பற்றி அறிந்தது மற்றதை ஆராய வழிகாட்டும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் பழைய மருத்துவக் கட்டுரைகளில் பழைய பெயர்தான் இருக்கும். எனவே ஒவ்வாமை மருத்துவர் இரண்டு பெயர்களிலும் தேடியாக வேண்டும்.

துணைக்குடும்ப அளவிலும் திருத்தம் ஓயவில்லை: 2022இல்கூட எக்டடோமா அடங்கிய எக்டடோமினேயும், ஹெட்டெரோபொனேரினே என்ற மற்றொரு துணைக்குடும்பமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பெயர் மாறுவதைப் பார்த்து அறிவியல் தடுமாறுகிறது என்று எண்ண வேண்டியதில்லை. இந்த எறும்பு இன்னாருக்கு உறவு என்று ஒவ்வொரு பெயரும் ஒரு கருத்தை முன்வைக்கிறது. சான்று எதிராக வந்தால் அந்தக் கருத்தைத் திருத்துவதுதான் நேர்மை.