ஓடைத் தண்ணீரை வெயிலில் சுத்தம் செய்யலாம்

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள பூண்டி போன்ற கிராமங்களில் வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாமே சரிவு நிலங்களில்தான் விளைகின்றன. மேல் காட்டில் போட்ட எருவும், மேயும் மாடுகளின் சாணமும் மழையில் கரைந்தால், அவை போய்ச் சேரும் இடம் கீழே உள்ள ஓடை. அந்தத் தண்ணீர் பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கும். ஆனால், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. காட்டு வேலைக்கு வருபவர்கள் அதைக் குடித்தால், அறுவடை நேரத்தில் கூலியும் போகும், உடம்பும் கெடும். வீட்டுக்குக் கொண்டுபோனால் முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகள்.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி வெயில். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் கிருமிகளின் மரபுப் பொருளைச் சிதைத்து, அவை பெருகாமல் தடுக்கின்றன. லெபனான் நாட்டின் பெய்ரூட் நகர ஆய்வாளர்கள் 1980களிலேயே இதை எடுத்துச் சொன்னார்கள்.

வேலூர் அனுபவம்

நம் மாநிலத்திலும் இது சோதிக்கப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 100 குழந்தைகளுக்கு, பிளாஸ்டிக் பாட்டிலில் வெயிலில் வைத்த தண்ணீரைக் கொடுத்தார்கள். வழக்கமான தண்ணீர் குடித்த வேறு 100 குழந்தைகளோடு அவர்களை ஒப்பிட்டு, 6 மாதம் கவனித்தார்கள். வெயிலில் வைத்த தண்ணீர் குடித்தவர்களிடம் வயிற்றுப்போக்கு அபாயம் 40 சதவீதம் குறைந்தது. 2006இல் இந்த முடிவு வெளியானது. அந்தக் குழந்தைகளில் 86 சதவீதம் பேர் இடையிடையே வேறு தண்ணீரும் குடித்தவர்கள். அப்படியும் இவ்வளவு பலன் கிடைத்தது.

நானோ துகள் என்ன செய்யும்?

பாட்டில் முறையில் உள்ள சிக்கல் நேரம்தான். நல்ல வெயிலில் 6 மணி நேரம் வேண்டும். மேகமூட்டம் என்றால் 2 நாள். சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர்களின் பங்கு சுமார் 5 சதவீதமே என்பது இதற்கு ஒரு காரணம்.

மீதமுள்ள ஒளியையும் பயன்படுத்த நானோ துகள்கள் உதவுகின்றன. தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உள்ள இந்தத் துகள்கள், ஒளியை உறிஞ்சி, தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கிருமிக்கொல்லிகளை உருவாக்குகின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 2023இல் அறிவித்த தூள், வெயிலில் ஒரே நிமிடத்தில் ஈ.கோலை கிருமிகளை அழித்தது. இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால், தூளைக் காந்தத்தால் திரும்ப எடுத்துவிடலாம். 30 முறை வரை மீண்டும் பயன்படுத்தியும் காட்டினார்கள். ஆனால், இது ஆய்வகச் சோதனை. கடையில் வாங்கி ஓடைத் தண்ணீரில் போடும் நிலைக்கு இன்னும் வரவில்லை. அதுவரை கைகொடுப்பது பாட்டில்தான்.

செய்முறை

* நிறமில்லாத, கீறல் விழாத, 2 லிட்டருக்கு மேற்படாத பெட் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து இருந்த பாட்டிலை, எத்தனை முறை கழுவியிருந்தாலும், தொடாதீர்கள்.
* தண்ணீர் கலங்கியிருந்தால் தெளியவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாள் மீது நிறுத்தி, வாய்ப்பகுதி வழியாக மேலிருந்து பாருங்கள். அடியில் உள்ள தலைப்பு எழுத்துகள் தெரிந்தால் சரி.
* மூடி, தகரக் கூரை மீது நாள் முழுக்க நிழல் விழாத இடத்தில் படுக்கவையுங்கள்.
* அதே பாட்டிலிலிருந்து குடியுங்கள். குடத்தில் ஊற்றினால் மீண்டும் கிருமி சேரலாம்.

மழை மாதங்களில் இந்த முறையை நம்பக் கூடாது. அப்போது கொதிக்கவைப்பதே வழி. 2 ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே, கொதி வந்த பிறகு 3 நிமிடம் விட்டு இறக்குங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வெயிலில் வைப்பதோ கொதிக்கவைப்பதோ கிருமியைத்தான் ஒழிக்கும்; பூச்சிமருந்தையும் உரத்தின் நைட்ரேட்டையும் நீக்காது. மருந்தடித்த காட்டின் வடிநீர் சேரும் இடத்தில் குடிநீர் எடுக்காதீர்கள். தெளிப்பானை ஓடையில் கழுவாதீர்கள். நாம் கழுவி விடும் தண்ணீரைத்தான் கீழ்க்காட்டுக்காரர் குடிக்கிறார்.