ஒரு தடவை வந்துவிட்டால் மறுபடி வராதா?
குழந்தைகளின் வயிற்றோட்டமும் தடுப்பு மருந்தும்

"போன மாசம்தானே பிள்ளைக்கு வயிற்றால் போய்ப் படாத பாடு பட்டுச்சு. இனி வராது." பதுளை நகரத்து வீடுகளிலும், வெலிமடை, குருத்தலாவ போன்ற ஊர்களிலும், பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்து லயங்களிலும் தாய்மார் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இது. அம்மை ஒருமுறை போட்டால் மறுமுறை வருவது அரிது என்று நாம் அறிந்திருப்பதால், வயிற்றோட்டத்துக்கும் அதே கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கு பாதி சரி, பாதி பிழை. பிழையான பாதியை நம்பி அசட்டையாக இருந்துவிட்டால், பிள்ளையின் உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

சக்கரம் போன்ற கிருமி

குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்குக் காரணமான கிருமிகள் பல. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்கி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வைப்பவற்றில் முதன்மையானது ரோட்டா வைரஸ். 1973ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில், ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும் நோயுற்ற குழந்தைகளின் குடற்சதையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது இதைக் கண்டுபிடித்தார்கள். வட்டமாகச் சக்கரம் போலத் தெரிந்ததால், இலத்தீன் மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' என்ற பெயர் வந்தது.

முதலில் வாந்தியும் காய்ச்சலும், பிறகு தண்ணீர் தண்ணீராக வயிற்றோட்டமும் காணும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளையே இது கடுமையாகத் தாக்குகிறது. பல் முளைக்கும் பருவமும் அதுதான். அதனால்தான் "பல்லுக்குப் போகுது" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பல் முளைப்பதால் இப்படி வயிற்றோட்டம் வருவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2000ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 5 இலட்சம் சிறுவர்கள் இந்த வைரஸால் இறந்தார்கள். 2013ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய 2 இலட்சத்து 15 ஆயிரமாகக் குறைந்தது. இவர்களைக் கொன்றது பெரும்பாலும் உடலிலிருந்து வெளியேறிய நீரும் உப்பும் திரும்பக் கிடைக்காமற் போனமையே.

குடலுக்குள் ஒரு காவல்

ஒரு கிருமி உள்ளே நுழைந்தால், அதை அடையாளம் கண்டு மடக்குவதற்கு உடல் ஒருவகைப் புரதத்தை உண்டாக்குகிறது. அதற்குப் பெயர் பிறபொருளெதிரி. இவற்றில் பல வகை உண்டு. ரோட்டா வைரஸ் குடலின் உட்சுவரைத் தாக்குவதால், அங்கே காவல் நிற்கும் ஐ.ஜி.ஏ. என்ற வகையே இதில் முக்கியம். நோய் வந்தபின் அல்லது மருந்து கொடுத்தபின் பிள்ளையின் இரத்தத்திலும் ஐ.ஜி.ஏ. கூடுகிறது. அதை அளந்துதான் உடல் எதிர்ப்புச் சக்தி பெற்றதா என்று ஆராய்ச்சியாளர்கள் கணிக்கிறார்கள். ஆனாலும் அந்த அளவு ஓர் அடையாளமே தவிர, முழு உத்தரவாதம் அல்ல.

பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து இரண்டு கொடைகள் கிடைக்கின்றன. கருவிலிருக்கும்போதே நச்சுக்கொடி வழியாக ஐ.ஜி.ஜி. என்ற பிறபொருளெதிரி வருகிறது. பிறந்தபின் சீம்பாலிலும் தாய்ப்பாலிலும் ஐ.ஜி.ஏ. வருகிறது. முதல் சில மாதங்களில் பிள்ளைகளை இந்நோய் கடுமையாகத் தாக்காததற்கு இவை ஒரு காரணம். பாலூட்டும் காலத்தைப் பூர்த்தி செய்ய விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்று திருக்குர்ஆன் குறிப்பிட்டிருப்பதை நம் சகோதரிகள் அறிவார்கள். அந்தப் பாலில் சத்தோடு காவலும் சேர்ந்தே இருக்கிறது.

வேலூர் தரும் பாடம்

ஒருமுறை நோய் வந்தால் போதுமா என்ற நமது கேள்விக்கு மிகத் தெளிவான விடை, மலையகத் தோட்டத்து மக்களின் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ககன்தீப் காங் அம்மையாரும் அவரது குழுவினரும், ஏழைகள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலத்தைப் பரிசோதித்தார்கள். முடிவு 2011ஆம் ஆண்டு வெளியானது.

ஆறு மாதம் நிறையுமுன்பே 56 வீதமான குழந்தைகளுக்கு வைரஸ் தொற்றிவிட்டது. ஒவ்வொரு தொற்றுக்குப் பிறகும் எதிர்ப்புச் சக்தி படிப்படியாகக் கூடியது. ஆனால் மூன்று முறை தொற்றிய பிறகும் நடுத்தரமான, கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 வீதம்தான். மெக்சிக்கோ நகரில் 200 குழந்தைகளைக் கவனித்து 1996இல் வெளியிட்ட ஆய்விலோ, இரண்டு முறை தொற்றிய பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அதன்பின் கடுமையான நோய் வரவில்லை.

நமக்கு இதிலுள்ள பாடம் இதுதான்: இந்நோய்க்கு எதிரான சக்தி ஒரே நாளில் பூட்டும் கதவல்ல, கல் கல்லாக வைத்துக் கட்டும் சுவர். கிருமி அதிகமாகப் புழங்கும் நெருக்கடியான இடங்களில் அந்தச் சுவர் எழும்பக் கூடுதல் காலம் செல்கிறது. முதல் கல் வைக்கப்படும்போதே பிள்ளை மோசமான நிலைக்குப் போய்விடக்கூடும் என்பதுதான் ஆபத்து.

நோயில்லாமல் சக்தி

அந்த முதல் கற்களை நோயின் வேதனையின்றி வைப்பதே தடுப்பு மருந்தின் வேலை. இது ஊசியல்ல, வாயில் விடும் சொட்டு மருந்து. வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் குடலுக்குள் சென்று, உடலுக்குப் பிறபொருளெதிரி உண்டாக்கக் கற்றுக்கொடுக்கிறது.

1998இல் அமெரிக்காவில் வந்த முதல் மருந்து, குடலின் ஒரு பகுதி மறுபகுதிக்குள் செருகிக்கொள்ளும் கோளாறைச் சில குழந்தைகளுக்கு உண்டாக்கியதால் 1999இல் மீளப்பெறப்பட்டது. அதன்பின் வந்த மருந்துகள் பல்லாயிரம் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டே வெளியிடப்பட்டன. 2009ஆம் ஆண்டு, எல்லா நாடுகளும் இதைத் தமது தடுப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. டெல்லி வைத்தியசாலையொன்றில் நோய்க்குறி எதுவுமின்றித் தொற்றியிருந்த பச்சிளங்குழந்தைகளிடமிருந்து எடுத்த வைரஸைக் கொண்டு இந்தியாவில் தயாரித்த 'ரோட்டாவாக்' மருந்து, 2016 முதல் அங்கே அரசாங்கத்தால் இலவசமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது.

மேலைநாடுகளில் இம்மருந்துகள் கடுமையான நோயை 85 வீதத்துக்கு மேல் தடுத்தன. வறிய நாடுகளில் பலன் ஏறக்குறைய பாதிதான். டெல்லி, பூனா, வேலூர் ஆகிய இடங்களில் நடந்த சோதனையில் ரோட்டாவாக் முதல் வருடத்தில் 56 வீதம் பலனளித்தது. போசாக்குக் குறைவு, குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பிற கிருமிகள், தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள் மருந்து வைரஸையும் தடுத்துவிடுவது எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். மருந்து கொடுக்கும் வேளையில் பால் கொடுக்காமல் வைத்துப் பார்த்ததில் எந்த நன்மையும் காணப்படவில்லை. பாதிப் பலன்தானே என்று ஒதுக்கவும் வேண்டாம். கடுமையாக விழக்கூடிய நூறு பிள்ளைகளில் ஐம்பத்தாறு பேர் தப்பினால், அது ஐம்பத்தாறு வீட்டுக்கு நிம்மதி.

ஊவாவில் நாம் செய்யக்கூடியவை

இலங்கையின் அரசாங்கத் தடுப்பு மருந்து அட்டவணையில் 2024ஆம் ஆண்டு வரை ரோட்டா மருந்து சேர்க்கப்படவில்லை. தனியார் வைத்தியரிடம் பணம் கொடுத்தே போட வேண்டியிருந்தது. வசதியுள்ளவர்கள் காலம் தாழ்த்தக் கூடாது. குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதிலிருந்து இதைத் தொடங்கலாம். மருந்தின் வகைக்கேற்ப இரண்டு அல்லது மூன்று தவணைகள். ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குக் கிளினிக் போகும்போதே குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். மருந்து கொடுத்த நாட்களில் பிள்ளை விட்டுவிட்டு வீறிட்டு அழுது காலை மடக்கினாலோ, பச்சையாக வாந்தியெடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குடல் செருகல் இலட்சத்தில் சிலருக்கே வருவது. சீக்கிரம் கண்டால் குணப்படுத்தலாம்.

வசதியில்லாத வீட்டுக்கும் வழியுண்டு. ஒரு ஜீவனிப் பொட்டலத்தை, கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் பாவியுங்கள். ஜீவனி கிடைக்காத இடத்தில் அதே ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சாப்பிடும் பிள்ளைக்குச் சோற்றையும் நிறுத்தாதீர்கள். வைத்தியர் தரும் நாக மாத்திரையைக் குணமானபின்னும் சொன்ன நாள்வரை கொடுங்கள். இது வைரஸ் நோயாகையால் அன்டிபயோட்டிக் இதற்குப் பயன்படாது.

கண் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், சிறுநீர் குறைந்து, பிள்ளை துவண்டு கிடந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மேல் டிவிசனிலிருந்து பாதை கரடுமுரடாக, வாகனம் அரிதாக இருக்கும். பதுளைப் பெரியாஸ்பத்திரி தூரமென்றால் அருகிலுள்ள வைத்தியசாலைக்கே கொண்டுபோங்கள். வழியெல்லாம் ஜீவனி கொடுத்துக்கொண்டே போங்கள்.

பீலித் தண்ணீரைக் கொதிக்க வைப்பதும், மலம் துடைத்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் அவசியம். பிள்ளை மடுவத்தில் பல பிள்ளைகள் ஒன்றாக இருப்பதால் அங்கே இது இன்னும் அவசியம். ஆனால் சுத்தம் மட்டும் ரோட்டா வைரஸை முழுமையாகத் தடுத்துவிடாது. குழாய்த் தண்ணீரும் குளியலறையும் உள்ள நாடுகளின் பிள்ளைகளுக்கும் இது தொற்றவே செய்கிறது. ஆகவே சகோதரிகளே, "ஒருமுறை வந்துபோய்விட்டது" என்ற நம்பிக்கையில் ஜீவனிப் பொட்டலம் இல்லாமல் வீட்டை வைத்திருக்காதீர்கள். பக்கத்து லயத்துத் தாய்க்கும் இதைச் சொல்லுங்கள்.